லம்பத்துக் குட்டைக்கு வந்த கடல் வாத்து

ஒரு வாத்தைப் பார்த்துவிட்டு ஸ்டானிஸ்லாஸ் பதின்மூன்று நாள் பட்ட பாடு இருக்கிறதே, அதைத் தலைச்சன் பிள்ளைக்காரிகூடப் பட்டிருக்க மாட்டாள். புந்தோங்கில் இன்றைக்கும் அவர் பேரை எடுத்தால் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பல் இருக்கிறவன் சிரிக்கிறான். ஆனால் கதையை முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரித்தால் நன்றாக இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் அவருக்கு நாற்பத்தாறு வயது. தண்ணீர் இலாகாவில் மீட்டர் படிக்கிற வேலை. சைக்கிள் ஒன்று, காதில் செருகிய பென்சில் ஒன்று, தோளில் தொங்கும் காக்கிப் பை ஒன்று. வீடு வீடாகப் போய் வேலியோரம் குனிந்து, சேற்றைத் துடைத்து, முள் காட்டுகிற எண்ணை எழுதிக்கொண்டு போக வேண்டும். அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, மனைவி ரோசம்மாவையும் அவள் தம்பி பெர்னார்டையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஒரு பலகை வீட்டில் குடியேறினார். பிள்ளை கிடையாது. பெர்னார்டைத்தான் பிள்ளை மாதிரி வளர்த்தார்கள்.

அவருக்குப் பறவைக் கிறுக்கு. அது எங்கே பிடித்தது என்று கேட்டால் அவரே சொல்லுவார். இருபத்திரண்டு வயதில் ஒருநாள் விடிகாலை மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது, ஓடையோரம் இதுவரை கண்ணில் படாத ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. நெஞ்சு சிவப்பு, முதுகு பச்சை. மறுநாள் பெரட்டில், ஆட்கள் பேர் கொடுக்க வரிசையில் நின்ற நேரத்தில், இங்கிலீஷ் படித்த தோட்டக் கணக்குக் கிராணியிடம் போய் அதன் பேர் என்ன என்று கேட்டார். கிராணி செக்ரோல் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பேரு தெரிஞ்சா ஒன் மங்குல பால் கூட வருமா?" என்றார். பெரட்டு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவர் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கியதுதான், இருபது வருஷத்துக்கு மேலாகியும் இறங்கவில்லை.

பட்டணத்துக்கு வந்ததும் அடகுக் கடையில் மீட்கப்படாமல் கிடந்த ஒரு பைனாகுலரை வாங்கினார். அட்டை போன பறவைப் புத்தகம் ஒன்றும் கிடைத்தது. ஈப்போவில் அப்போது ஒரு பறவைச் சங்கம் இருந்தது. டாக்டர்கள், வாத்தியார்கள், பேங்க் அதிகாரிகள், இவர்களுக்கு நடுவில் ஒரே ஒரு மீட்டர்காரர். சங்கம் வருஷா வருஷம் ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கும். என்ன பறவை, எந்த இடம், எந்தத் தேதி, பார்த்தவர் பேர் என்ன. ஒரு பறவைக்கு ஒரு வரி. அவருடைய அப்பா பேர் வாழ்நாளில் செக்ரோலைத் தவிர வேறெதிலும் ஏறவில்லை. இவர் பேரும் அப்படித்தான், பக்கத்தில் ஒரு நம்பரோடு. ஒரே ஒரு தடவை தன் பேர் ஒரு பறவையின் பேருக்குப் பக்கத்தில் அச்சாக வேண்டும் என்பது அவர் ஆசை. மனுஷன் நிலம் கேட்டாரா, பதவி கேட்டாரா? ஒரு வரி கேட்டார்.

எண்பத்தொன்றுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கேடு வந்து சேர்ந்தது. பெரிய வெள்ளைப் பறவை, தலையில் மஞ்சள் கொண்டை, இந்த நாட்டிலேயே யாரும் பார்க்காதது என்று சங்கத்தைக் கூட்டிக்கொண்டு போனார். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, கையில் கூண்டோடு ஒரு சீனத்து அம்மாள் வந்து நின்று, மலாயில் செல்லமாகத் திட்டி அதைக் கூப்பிட்டாள். அதுவும் வந்து தோளில் உட்கார்ந்தது. அவள் வளர்த்த காக்காத்துவாக் கிளி அது. டாக்டர் ஒருவர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றையிலிருந்து புந்தோங் சாப்பாட்டுக் கடைகளில் அவருக்குக் 'காக்காத்துவா' என்றே பேர். சங்கத்துச் செயலாளர் சதாசிவம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர், கறாரான ஆள். "மிஸ்டர் ஸ்டானிஸ்லாஸ், இனிமே ஒங்க ரெண்டு கண்ணு போதாது. நாலு கண்ணு வேணும். சங்கத்து ஆளு இன்னொருத்தர் பாத்தாதான் எழுதுவேன். வீட்டு ஆளுங்க கணக்குல வராது," என்றார். அந்தச் சிரிப்பைவிட இந்தச் சொல்தான் அதிகமாகச் சுட்டது.

டிசம்பர் பதினாலு, திங்கட்கிழமை. காலையில் தூறல். லம்பத்துப் பக்கம் மீட்டர் படிக்கப் போனார். அங்கே ஈயம் தோண்டி எடுத்துவிட்டு விட்டுப்போன பெரிய குட்டை ஒன்று உண்டு. குட்டை என்று பேர்தான், அக்கரையில் நிற்கிற ஆள் பொம்மை மாதிரித் தெரிவான். சுற்றிலும் வெள்ளை மணல், லாலான் புல், தூரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள். அக்கரையில் ஒரு தவுக்கேயின், சீன முதலாளியின், வாத்துப் பண்ணை. பண்ணை வாத்துகள் கூட்டமாக நீந்திக்கொண்டிருக்க, அவற்றுக்கு எட்டத்தில் ஒன்று தனியாகக் கிடந்தது. தலை கறுப்பு. விலா வெள்ளை. அலகில் நீலச் சாயல். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தலையைக் குனிந்து அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டது. பண்ணை வாத்து வாலைத் தூக்கித் தலையை முக்கும், முழுசாக முழுகாது. இவர் மனசுக்குள் எண்ணினார். இருபத்தாறு எண்ணியதும் பத்து கஜம் தள்ளி மேலே வந்தது. கண் மஞ்சள்.

கையில் இருந்த மீட்டர் புத்தகம் மணலில் விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

அன்று சாயந்திரமே சதாசிவம் வீட்டு வாசலில் போய் நின்றார். அங்கே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் கோலாலம்பூருக்கு மகள் வீட்டுக்குப் பயணம். சங்கத்தில் மற்றவர்களும் பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு ஒருவராகப் போயிருந்தார்கள். சதாசிவம் நின்றபடியே கேட்டார். கேட்கக் கேட்க உட்கார்ந்துவிட்டார். அலமாரியிலிருந்து கனமான புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"ரெண்டுல ஒண்ணு," என்றார். "ஒண்ணு குடுமி வாத்து. தலைக்குப் பின்னால குடுமி தொங்கும், முதுகு நல்ல கறுப்பு. அது எப்பவாச்சும் இந்தப் பக்கம் வரும். இன்னொண்ணு ஸ்காப். கடல் வாத்து. குளிர் காலத்துல வடக்க கடல்ல கிடக்கும். குடுமி கிடையாது, முதுகு சாம்பல் நெறம். அது இந்த நாட்டுல இருந்ததா எங்க லிஸ்ட்லயே இல்ல. முதுகு என்ன நெறம்?"

"தூறல் சார். தண்ணி பளபளன்னு அடிச்சிச்சு. முதுகு சரியாத் தெரியல."

"குடுமி?"

"நனஞ்சிருந்துச்சு சார். படிஞ்சிருந்தா எப்படித் தெரியும்?"

சதாசிவம் புத்தகத்தை மூடினார். "இருபத்தேழாந் தேதி ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு நான் லம்பத்துக்கு வாரேன். அது வரைக்கும் அது அங்க இருக்கணும். இருந்தா, முதுகையும் குடுமியையும் நான் என் கண்ணால பாத்தா, மொத வரியே ஒங்க பேர்லதான்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ரயிலேறிப் போய்விட்டார். இங்கே ஒரு மனுஷனுக்குப் பதின்மூன்று நாள் தூக்கம் போயிற்று.

வாத்துக்கு இறக்கை இருக்கிறது. நினைத்த நேரத்தில் எழும்பிப் போகும். அதைக் கட்டிப்போட முடியுமா, கெஞ்ச முடியுமா? காலையில் வேலைக்குப் போகுமுன் லம்பம். மதியம் சோற்று நேரத்தில் லம்பம். சாயந்திரம் லம்பம். அது இருந்தால், 'இருக்கு' என்று ஒரு நிம்மதி. சைக்கிளைத் திருப்பி நூறு கஜம் போவதற்குள், 'இப்போது பறந்திருக்குமோ' என்று தோன்றும். திரும்பி வருவார். குட்டி போட்ட பூனை மாதிரி குட்டையைச் சுற்றினார். சைக்கிள் டயர் தேய்ந்தது. ஒருநாள் ஒரு வீட்டு மீட்டரின் எண்ணைப் பக்கத்து வீட்டு வரியில் எழுதிவிட்டு மேலாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதே பக்கத்து ஓரத்தில் 'முழுக்கு 31, முதுகு?' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "என்னய்யா இது, யாரு முதுகு?" என்று மேலாள் கேட்டார்.

முதுகுதான் பிரச்சினை. வெயில் அடித்தால் தண்ணீர் கண்ணைக் கூசியது. மழை பெய்தால் எல்லாமே கறுப்பு. இவர் முழங்கால் தண்ணீர் வரைக்கும் இறங்கினால் அது முழுகி எட்டத்தில் போய் எழும்பியது. ஒரு நேரம் சாம்பல் மாதிரி இருக்கும். மனசு குதிக்கும். மறு நேரம் கறுப்பு. மனசு விழும்.

ரோசம்மாவுக்கு கிறிஸ்மஸ் வேலை தலைக்கு மேல். முறுக்கு சுட வேண்டும், அச்சு ரொட்டி சுட வேண்டும், ஜன்னலுக்குப் புதுத் திரை தைக்க வேண்டும். "வீட்டுக்குச் சாயம் அடிக்கணும்னு சொல்லி மூணு வாரம் ஆச்சு. நீங்க எங்க போறீங்க, எங்க வாரீங்க, ஒண்ணும் புரியல. கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று கேட்டாள்.

"வேலை கூடிப்போச்சுலா," என்றார் இவர்.

"லம்பத்து மணல் காலுல ஒட்டிக்கிட்டு வருதே, அதுவும் வேலையா?"

அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வீட்டுக்குத் தெரியும், அடுத்த வீட்டுக்குத் தெரிந்தால் புந்தோங்குக்குத் தெரியும், எவனாவது ஒருத்தன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருவான் என்று பயம். காக்காத்துவா பேர் வாங்கியவருக்கு வாய் திறக்க வெட்கமும்கூட. வாயை மூடிக்கொள்வது புத்திசாலித்தனம் என்று நினைத்தார். பாவி மனுஷன், அங்கேதான் கோட்டை விட்டார்.

பெர்னார்ட் பலகை மில்லில் வேலை செய்தவன். இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, அக்காள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அறையில் இருந்தான். நவம்பரில் மில்லை மூடிவிட்டார்கள், ஜனவரியில்தான் திறக்கும் என்றார்கள். சும்மா இருக்க முடியாமல் லம்பத்தில் வலை போட்டு ஜப்பான் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அந்த டிசம்பரில் ஒரு கவலை. அம்மா அப்பா போன பிறகு, கிறிஸ்மஸுக்கு அக்காளுக்குத் தாய்வீட்டுச் சீர் கொண்டுபோகிறவன் அவன்தான். ஒரு சேலை, ஒரு தட்டுப் பழம், குழம்புக்கு ஒரு வாத்து. வாத்து இல்லாமல் அந்த வீட்டில் கிறிஸ்மஸ் விடிந்ததே இல்லை. இந்த வருஷம் சேலைக்கும் வழியில்லை, பாசாரில் வாத்துக்கும் வழியில்லை. அக்காள் எதுவும் கேட்க மாட்டாள். கேட்காமல் இருப்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

இருபதாந் தேதி வாக்கில் அவன் குட்டையோரம் மச்சானைப் பிடித்துவிட்டான்.

"என்ன மச்சான், பொழுதன்னைக்கும் இங்கேயே நிக்கிறீங்க?"

"சும்மாலா. காத்து வாங்க வந்தேன்."

"காத்து வாங்குற மாதிரி தெரியலையே. அந்த ஒத்த வாத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. நேத்தும் பாத்தீங்க, முந்தாநேத்தும் பாத்தீங்க."

இவருக்குத் திக்கென்றது. "நல்ல வாத்து," என்று மட்டும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாருக்கும் சொல்லாதடா. அக்காவுக்கும் சொல்லாத. சுசாவாயிரும், தொல்லையாப் போயிரும்," என்றார்.

பெர்னார்ட் அவர் முகத்தைப் பார்த்தான். அவன் மனசில் என்ன ஓடியது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். பண்ணைக்குச் சொந்தமில்லாத வாத்து. கிறிஸ்மஸ் வருகிறது. மச்சான் வாய்விட்டுக் கேட்க முடியாமல் தினம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார், என் கையில் ஒன்றும் இல்லையென்று தெரிந்து அக்காளுக்குக்கூடச் சொல்ல வேண்டாம் என்கிறார்.

"நான் யாருக்கும் சொல்லல மச்சான்," என்றான். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவும் செய்தான்.

கிறிஸ்மஸ் வெள்ளிக்கிழமை. காலைப் பூசை முடிந்ததும், ரோசம்மா கோயில் வாசலில் தெரிந்தவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இவர் நழுவினார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட சிலுவார், அப்படியே சைக்கிளை மிதித்தார். முந்தின நாள் சாயந்திரம் பார்த்தபோது வாத்து இருந்தது. இன்னும் இரண்டே நாள்.

குட்டை வெறுமனே கிடந்தது. பண்ணை வாத்துகள் மட்டும் அக்கரையில் கத்திக்கொண்டிருந்தன. முழுகியிருக்கும் என்று நினைத்து முப்பது எண்ணினார். அறுபது எண்ணினார். இருநூறு எண்ணினார். சைக்கிளைப் போட்டுவிட்டுக் கரையைச் சுற்றி நடந்தார். கோரைப் புல்லுக்குள் பார்த்தார். சேறு முட்டிவரை ஏறியது. "சேசுவே, இன்னும் ரெண்டு நாள்தானே கேட்டேன்," என்று வாய்விட்டுச் சொன்னார். இரண்டு தடவை சுற்றியும் ஒன்றும் இல்லை. பறந்துவிட்டது, தன் ராசி அவ்வளவுதான் என்று திரும்பினார்.

வீட்டு வாசலிலேயே மணம் வந்து அடித்தது. மிளகு, சோம்பு, தேங்காய்ப் பால். ரோசம்மா சேற்றுச் சிலுவாரைப் பார்த்தாள், நல்ல நாள் என்பதால் திட்டவில்லை. அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. பெர்னார்ட் நடு வீட்டில் புதுப் பாயில் உட்கார்ந்திருந்தான்.

"சீர் வந்திருச்சு," என்றாள் ரோசம்மா. "சேலை இல்லன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தான். வாத்து கொண்டாந்திருக்கானே, அது போதாதா?"

"மச்சானுக்குத் தெரியும்," என்றான் பெர்னார்ட். கண் பளபளத்தது. "நீங்க பத்து நாளாப் பாத்துக்கிட்டு நின்ன வாத்துதான் மச்சான். அது எந்தப் பக்கம் முழுவுது, எந்தப் பக்கம் எழும்புதுன்னு பாத்து நேத்து சாங்காலம் வலையக் கட்டுனேன். விடியக் காலைல மாட்டிக்கிட்டுக் கிடந்துச்சு."

ஸ்டானிஸ்லாஸ் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். திட்டுவதற்கு வாய் திறந்தது. நெஞ்சு பற்றி எரிந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த நிமிஷம் பெர்னார்டைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அவன் பார்த்த பார்வை, பதினொரு வயதில் தோட்டத்து வெளிக்காட்டில் புல் பிடுங்கி முதல் சம்பளமாக மூன்று வெள்ளி வாங்கிக்கொண்டு வந்து இவர் கையில் வைத்தபோது பார்த்த அதே பார்வை. வாய் மூடிக்கொண்டது.

"ஒக்காருங்க, ஒங்களுக்குத்தான் தொடை," என்று ரோசம்மா தட்டை வைத்தாள்.

உட்கார்ந்தார். பிட்டு வாயில் வைத்தார். சேறும் மீனும் கலந்த ஒரு வாடை, எவ்வளவு மிளகு போட்டும் அடங்கவில்லை. ரோசம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு, "என்னடா, மீன் வாடை அடிக்குது?" என்றாள். பெர்னார்ட் முகம் சுருங்கியது.

"நல்லா இருக்கு," என்றார் ஸ்டானிஸ்லாஸ். "இன்னொரு துண்டு போடு."

கை கழுவக் கொல்லைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். துணி காயப்போடும் கம்பியில் ஓர் இறக்கை தொங்கியது. ஆட்டுக்கல்லில் மாவு கூட்டுவதற்கு ரோசம்மா எப்போதும் கோழி இறக்கையை மஞ்சளும் உப்பும் தடவிக் காயவைத்துக்கொள்வாள். இந்தத் தடவை வாத்து இறக்கை. விரித்துப் பார்த்தார். ஓரமாக நீள வெள்ளைப் பட்டை. மேல் பக்கம் கறுப்பு இல்லை. வெந்நீர் அடுப்புச் சாம்பலைச் சல்லடையில் சலித்துத் தூவின மாதிரி பொடிப் பொடியாகச் சாம்பல் கோடு. ஸ்காப். கடல் வாத்துதான். பதினொரு நாளாகத் தெரியாதது, தின்ற பிறகு தெரிந்தது. அவருக்குச் சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து வந்தன, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார்.

சனிக்கிழமை முழுக்க அவர் ஒரு இடத்தில் உட்காரவில்லை. மனசு கணக்குப் போட்டது. பறவை இல்லாவிட்டால் என்ன, இறக்கை இருக்கிறதே. கண்ணால் பார்த்ததை மறுக்கலாம், கையில் இருப்பதை மறுக்க முடியுமா? நாலு கண் என்ன, நாலாயிரம் கண்ணுக்குக் காட்டலாம். ஞாயிறு காலையில் கம்பியிலிருந்து இறக்கையை எடுத்துத் தினசரித் தாளில் சுற்றிக் காக்கிப் பைக்குள் வைத்தார். "மாவு கூட்டுறதுக்கு வச்சத எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்று ரோசம்மா பின்னால் கத்தினாள்.

ஏழு மணிக்குச் சதாசிவத்தின் பழைய மோரிஸ் கார் லம்பத்து மணலில் வந்து நின்றது. அவர் குட்டையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பைனாகுலரில் மெதுவாகத் துழாவினார். கொஞ்சம் தள்ளிக் கரையோரத் தண்ணீரில் பெர்னார்ட் இடுப்பளவு நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் கையை ஆட்டினான்.

"இல்லையே," என்றார் சதாசிவம்.

"சார்," என்றார் ஸ்டானிஸ்லாஸ். கை பைக்குள் போயிற்று. காகிதம் சரசரத்தது.

சதாசிவம் பெர்னார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வலைக்காரனுங்கதான் மிஸ்டர் ஸ்டானிஸ்லாஸ், பெரிய தொல்லை. போன வருஷம் பாகான் செராய்ல ஒருத்தன் வலையில மாட்டுன நாரையோட இறக்கையக் கொண்டாந்து, சங்கத்துக்கு வேணுமான்னு கேட்டான். நான்தான் வனவிலங்கு இலாகாவுக்கு லெட்டர் எழுதினேன். கோர்ட்டுக்குப் போனான்."

"அவன் வேணும்னு செஞ்சிருக்க மாட்டான், சார். தெரியாம..."

"தெரியுதோ தெரியலையோ, சட்டம் சட்டம். பேரு, வீட்டு நம்பர் எல்லாம் எழுதிக் குடுத்தேன். இனிமேயும் குடுப்பேன்." அவர் திரும்பினார். "என்னமோ சொல்ல வந்தீங்களே?"

பைக்குள் விரல்கள் இறகைத் தொட்டுக்கொண்டிருந்தன. இழுத்தால் ஒரு வரி. சங்கத்துப் புத்தகத்தின் முதல் வரி. கிராணிக்குப் பதில், டாக்டருக்குப் பதில், காக்காத்துவாவுக்குப் பதில். எங்கே கிடைத்தது என்று அவர் கேட்பார். பொய் சொல்லலாம். கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்றால் போதும். ஆனால் இறக்கையில் மஞ்சள் தடவியிருக்கிறது. அதுவும் போகட்டும், நூறு கஜத்தில் ஒருத்தன் வலையோடு நிற்கிறான், கேட்டால் 'நான்தான் சார் புடிச்சேன்' என்று மார்தட்டிச் சொல்லுவான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

ஸ்டானிஸ்லாஸ் கையை வெளியே எடுத்தார். கை காலியாக இருந்தது.

"ஒண்ணுமில்ல சார். போயிருச்சு. வியாழக்கிழமை சாயந்திரம்தான் கடைசியாப் பாத்தேன்."

"முதுகு?"

"தெரியல சார்."

சதாசிவம் பைனாகுலரை உறையில் போட்டார். கறாரான ஆளானாலும் கல்நெஞ்சு இல்லை. "வேணும்னா குடுமி வாத்துன்னு போட்டு ஒரு கேள்விக்குறி வச்சு எழுதிக்கிறேன். ஒங்க பேரு வரும்," என்றார்.

இவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "அது குடுமி வாத்து இல்ல சார்," என்றார். பிறகு தணிந்து, "தப்பா எழுத வேணாம். எழுதாமயே இருந்துருங்க," என்றார்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுச் சதாசிவம் காரில் ஏறினார். கார் மணலில் கொஞ்சம் வழுக்கி, பிறகு ரோட்டைப் பிடித்துப் போயிற்று.

பெர்னார்ட் ஈரம் சொட்டச் சொட்டக் கரையேறி வந்தான். "யாரு மச்சான் அந்த சாரு? வாத்து கேட்டா வந்தாரு? முன்னமே சொல்லியிருந்தா ஒரு தொடை எடுத்து வச்சிருப்பேன்லா."

ஸ்டானிஸ்லாஸுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார், துடைக்கத் துடைக்க வந்தது. பெர்னார்டுக்குப் பயமாகிவிட்டது. பக்கத்தில் குந்தி, "என்ன மச்சான், நான் என்ன செஞ்சேன்?" என்றான்.

அப்புறம்தான் சொன்னார். வாத்து, சங்கம், புத்தகம், ஒரு வரி, நாலு கண். ஒன்றும் விடாமல் சொன்னார். பெர்னார்ட் கேட்டுக்கொண்டே வலைக் கயிற்றை விரலில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். கடைசியில், "செருப்பால அடிச்சிருங்க மச்சான்," என்றான்.

"அடிச்சா அது வருமா?" ஸ்டானிஸ்லாஸ் பையிலிருந்து மீட்டர் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். காதிலிருந்து பென்சிலை உருவினார். "கேக்குறதுக்குப் பதில் சொல்லு. கையில புடிச்சவன் நீ ஒருத்தன்தான். கண்ணு என்ன நெறம்?"

"மஞ்ச. நல்ல மஞ்ச." பெர்னார்ட் தலையைக் குனிந்துகொண்டான். "வலையிலேருந்து எடுக்குறப்ப உயிரு இருந்துச்சு மச்சான். என்னையே பாத்துச்சு."

பென்சில் கொஞ்சம் நின்றது. பிறகு எழுதியது. "தலைக்குப் பின்னால குடுமி இருந்துச்சா?"

"குடுமியா? இல்ல. வழவழன்னு உருண்டையா இருந்துச்சு. வெளிச்சத்துல பச்சை அடிச்சிச்சு."

"முதுகு?"

"சாம்பல்."

எல்லாவற்றையும் எழுதினார். இடம், தேதி, பேர். அதன் கீழே 'பார்த்தவர்கள்' என்று போட்டு, தன் பேரையும் அவன் பேரையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, புத்தகத்தை அவன் பக்கம் திருப்பினார்.

"என் பேரு எதுக்கு மச்சான்?"

"நாலு கண்ணு வேணும்லா," என்றார்.

பெர்னார்ட் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பென்சிலை வாங்கினான். தன் பேருக்குப் பக்கத்தில், மில்லில் சம்பள நாளில் போடுகிற மாதிரி, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்.